தேர்தலுக்கு முந்தைய ஓராண்டில் உங்கள் கவுன்சிலர் என்ன செய்கிறார்? வார்டு அரசியலின் காலண்டர்

நாலரை வருஷமாகக் குண்டும் குழியுமாகக் கிடந்த தெருவில் திடீரென ஜல்லி லாரி வந்து நிற்கிறது. பூங்காவில் பெயர் எழுதிய சிமென்ட் பெஞ்ச் முளைக்கிறது. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் கவுன்சிலரின் பொங்கல் வாழ்த்து வருகிறது. "எலெக்‌ஷன் வருது போல" என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த மெசேஜுக்குப் போய்விடுகிறோம்.

அது பாதி உண்மைதான். மீதிப் பாதி கொஞ்சம் சிக்கலானது. தேர்தலுக்கு முந்தைய ஓராண்டில் கவுன்சிலரின் வேலையைத் தீர்மானிப்பவை நான்கு விஷயங்கள்: வார்டு இட ஒதுக்கீடு, டெண்டர், கட்சி சீட், தேர்தல் நடத்தை விதி. உங்கள் தெருவுக்கு என்ன தேவை என்பது இவற்றுக்கு அடுத்துத்தான் வருகிறது. இந்த நான்கும் எப்போது, எப்படி இயங்குகின்றன என்று தெரிந்தால், எதை எப்போது கேட்டால் கிடைக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

இங்கே மும்பையை முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அங்கே கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2022 மார்ச் 7-ல் முடிந்தது. அடுத்த வாக்குப்பதிவு 2026 ஜனவரி 15-ல்தான் நடந்தது. ஒரு வார்டு அரசியல்வாதி சந்திக்கும் அத்தனை சிக்கல்களும் இந்த இடைவெளியில் வந்துபோயின. தேவையான இடத்தில் டெல்லி, பெங்களூரு, சென்னையையும் பார்ப்போம்.

கவுன்சிலர் என்பவர் யார்?

ஊருக்கு ஊர் பெயர் மாறும். மும்பை, புனேயில் 'நகரசேவக்'. பெங்களூரு, ஹைதராபாத்தில் 'கார்ப்பரேட்டர்'. டெல்லியில் 'பார்ஷத்'. பதவி ஒன்றுதான்: ஒரு மாநகராட்சி வார்டிலிருந்து நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர்.

இந்தப் பதவிக்கு அரசியலமைப்புச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது 74-வது திருத்தத்தால். அது 1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்தது. பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். போட்டியிட 21 வயது போதும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதத்தில் இடம், பெண்களுக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. மகாராஷ்டிரம், கேரளம், தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் பெண்களின் பங்கைப் பாதியாக உயர்த்தியுள்ளன.

மும்பையில் 227 வார்டுகள், டெல்லியில் 250, சென்னையில் 200, கொல்கத்தாவில் 144. மும்பையின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 1.24 கோடி. வகுத்துப் பார்த்தால் ஒரு கவுன்சிலருக்குச் சுமார் 55,000 பேர். அதுவும் பழைய கணக்கு. 2021-ல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு நடக்காததால், இன்றைய வார்டு எல்லைகளும் 2011 எண்களை வைத்தே வரையப்பட்டவை.

அவர் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது?

நாம் நினைப்பதைவிடக் குறைவு.

74-வது திருத்தம் 12-வது அட்டவணையில் 18 பொறுப்புகளைப் பட்டியலிட்டது: நகரத் திட்டமிடல், சாலைகள், குடிநீர், கழிவு அகற்றல், பூங்காக்கள், தெருவிளக்குகள் என்று நீளும் பட்டியல். ஆனால் இவற்றில் எதை மாநகராட்சியிடம் ஒப்படைப்பது என்பதை மாநில அரசுதான் முடிவு செய்கிறது. விளைவு என்ன? பெங்களூரில் தண்ணீருக்குத் தனி வாரியம், மின்சாரத்துக்குத் தனி நிறுவனம். டெல்லியில் தண்ணீர் ஜல் போர்டிடம், காவல்துறை மத்திய அரசிடம், 60 அடியும் அதற்கு மேலும் அகலமான சாலைகள் பெரும்பாலும் டெல்லி அரசின் பொதுப்பணித் துறையிடம். வீட்டு வாசல் சந்துக்கு பார்ஷத்தைக் கேட்கலாம். அந்தச் சந்து போய்ச் சேரும் மெயின் ரோட்டுக்கு வேறு ஆளைக் கேட்க வேண்டும்.

மாநகராட்சிக்கு உள்ளேயும் நிர்வாக அதிகாரம் கமிஷனரிடம்தான். அவர் மாநில அரசு நியமிக்கும் ஐஏஎஸ் அதிகாரி. மும்பையை இயக்கும் 1888-ம் ஆண்டு மாநகராட்சிச் சட்டத்திலேயே இந்த ஏற்பாடு இருக்கிறது. மேயருக்குக் கூட்டத்தை நடத்தும் மரியாதை உண்டு. கையெழுத்துப் போட்டு வேலையை ஆரம்பிக்கும் அதிகாரம் பெரும்பாலும் இல்லை.

அப்படியென்றால் கவுன்சிலர் எதை வைத்து வேலை வாங்குகிறார்? மன்றக் கூட்டத்தில் கேள்வி கேட்கலாம், பட்ஜெட்டில் தன் வார்டுக்கு ஒதுக்கீடு கேட்கலாம், வார்டு மேம்பாட்டு நிதியிலிருந்து பணிகளைப் பரிந்துரைக்கலாம். பெரிய ஒப்பந்தங்களுக்கு நிலைக்குழு ஒப்புதல் வேண்டும் என்பதால் அதில் இடம் பிடிக்கக் கடும் போட்டி நடக்கும். இவை போக, வார்டு ஆபீஸில் உட்கார்ந்து உதவிப் பொறியாளரைத் திரும்பத் திரும்பக் கேட்பது. கடைசியாகச் சொன்னதுதான் அவருடைய அன்றாடப் பிழைப்பு.

தேர்தல் ஆண்டில் அவருடைய நாள் எப்படிப் போகிறது?

சாதாரண ஆண்டில் காலை ஏழு மணிக்குப் போன் ஆரம்பிக்கும். தண்ணீர் வரவில்லை, குப்பை வண்டி வரவில்லை, சாக்கடை பொங்குகிறது. பத்து மணிக்கு மேல் அலுவலகத்தில் கூட்டம்: வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, பள்ளி அட்மிஷனுக்குச் சிபாரிசுக் கடிதம், ஆஸ்பத்திரி பில்லில் சலுகை. இதில் பாதி அவர் அதிகாரத்துக்குள் வராது. ஆனால் "அது என் வேலை இல்லை" என்று சொல்லும் கவுன்சிலர் அடுத்த முறை ஜெயிப்பது கஷ்டம். மதியம் வார்டு ஆபீஸ். மாலையில் கல்யாணம், காது குத்து, துக்க வீடு.

தேர்தல் ஆண்டில் இதோடு மூன்று வேலைகள் சேர்ந்துகொள்ளும். முதலாவது, வாக்காளர் பட்டியல்: இறந்தவர், வீடு மாறியவர், புதிதாக 18 வயது ஆனவர் என்று தெருத்தெருவாகச் சரிபார்க்க ஆள் வேண்டும். இரண்டாவது, பூத் ஏஜென்ட்களைத் தேடிப் பிடிப்பது. மூன்றாவது, கட்சி. மாவட்டத் தலைவர், எம்எல்ஏ, மேலிடப் பார்வையாளர் என்று ஒவ்வொருவரின் நிகழ்ச்சிக்கும் ஆள் திரட்டிக்கொண்டு போக வேண்டும். உங்கள் போனை அவர் எடுக்காத நாட்களில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் இருப்பார்.

ஒன்று: குலுக்கலில் காணாமல் போகும் வார்டு

எம்பி, எம்எல்ஏ தொகுதிகளில் தனித் தொகுதிகள் பல ஆண்டுகளுக்கு மாறாது. வார்டு அப்படி இல்லை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் என்று எந்த வார்டு யாருக்கு என்பது சுழற்சி முறையில் மாறும். மும்பையில் இதற்குக் குலுக்கல் நடக்கும். 2025 நவம்பர் 11-ல் நடந்த குலுக்கலில் 227 வார்டுகளில் 114 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன.

ஒரு ஆண் கவுன்சிலரின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். ஐந்து ஆண்டுகள் ஒரே வார்டில் உழைத்திருக்கிறார். குலுக்கலில் அது பெண்கள் வார்டாகிவிட்டது. அவருக்கு மூன்று வழிகள்: மனைவியையோ மகளையோ நிறுத்தலாம், பக்கத்து வார்டுக்குப் போகலாம், அல்லது ஒதுங்கலாம். குலுக்கலுக்கு முன்பு 'மறுபடியும் இங்கேதான் நிற்பேன்' என்று எந்த உறுதியும் அவருக்கு இல்லை. அதனால் மூன்று ஆண்டு எடுக்கும் வடிகால் பணியைவிட, மூன்று மாதத்தில் முடிந்து பெயர்ப் பலகை வைக்கக்கூடிய வேலை அவருக்கு லாபகரமாகத் தெரிகிறது. ஆளைப் பொறுத்து இது மாறும். ஆனால் ஏற்பாடு தள்ளுவது அந்தப் பக்கம்தான்.

அதற்காக இட ஒதுக்கீட்டையே குறை சொல்லிவிடக் கூடாது. அரசியல் அறிஞர் ரிகில் பாவ்னானி மும்பை மாநகராட்சித் தேர்தல்களை ஆராய்ந்து 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். முந்தைய தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, பிறகு பொதுவாக்கப்பட்ட வார்டுகளைப் பார்த்தார். ஒதுக்கப்படாமலே இருந்த வார்டுகளோடு ஒப்பிட்டால், அங்கே ஒரு பெண் ஜெயிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. 'கணவர்தான் கவுன்சிலர்' என்று கிண்டல் செய்யப்படும் அதே ஏற்பாட்டிலிருந்துதான் சொந்தக் காலில் நிற்கும் பெண் அரசியல்வாதிகளும் வந்திருக்கிறார்கள்.

எல்லை மறுவரையறையும் இதே காலத்தில்தான் வரும். மும்பையில் வார்டு எண்ணிக்கையை 227-லிருந்து 236 ஆக்கியது ஒரு அரசு. 2022 ஆகஸ்டில் அடுத்த அரசு அதை மறுபடி 227 ஆக்கியது. ஒரு வீதியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறு வேறு வார்டாகப் பிரிந்தால், கவுன்சிலர் வளர்த்த ஆதரவும் இரண்டாக உடையும். வரைவு எல்லை வெளியானதும் ஆட்சேபம் சொல்லப் பொதுமக்களுக்கும் அவகாசம் உண்டு. அதைப் பயன்படுத்துவது பெரும்பாலும் கட்சிக்காரர்கள்தான்.

இரண்டு: டெண்டர் என்ற நீண்ட வரிசை

"ஒரு தெருவுக்குத் தார் போட எவ்வளவு நாளாகும்?" போடுவதற்குச் சில நாட்கள். அதுவரை வருவதற்குப் பல மாதங்கள். இளநிலைப் பொறியாளர் மதிப்பீடு தயாரிக்க வேண்டும். தொழில்நுட்ப ஒப்புதல், நிர்வாக ஒப்புதல், நிதி ஒதுக்கீடு, டெண்டர் அறிவிப்பு, விலைப் புள்ளி திறப்பு, பெரிய தொகை என்றால் நிலைக்குழு, கடைசியாகப் பணி ஆணை. எந்த இடத்தில் ஃபைல் நின்றாலும் மொத்தமும் நிற்கும்.

மும்பையில் இன்னொரு தடை மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை புதிதாகச் சாலை தோண்ட மாநகராட்சி பொதுவாக அனுமதிப்பதில்லை. வாக்குப்பதிவு ஜனவரி 15 என்ற அறிவிப்பு 2025 டிசம்பர் 15-ல் வந்தது. அன்றே நடத்தை விதியும் அமலுக்கு வந்தது. அக்டோபர் 1-லிருந்து எண்ணினால் தெருவில் இறங்கி வேலை ஆரம்பிக்க இரண்டரை மாதம்தான். தேர்தலுக்கு முன் நகரமே தோண்டப்பட்டுக் கிடப்பதற்கு இந்த நெரிசலும் ஒரு காரணம்.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு பாடம்: தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு போய் "ரோடு போடுங்க" என்று கேட்டால் வாக்குறுதிதான் கிடைக்கும். அதையே ஒரு வருடம் முன்பு, மதிப்பீட்டு நிலையிலேயே கேட்டால் வேலை கிடைக்க வாய்ப்பு அதிகம்.

மூன்று: சீட்டும் பி ஃபார்மும்

வார்டில் நல்ல பெயர் இருப்பது சீட்டுக்கு ஒரு தகுதி மட்டுமே. இட ஒதுக்கீட்டுக்குப் பொருந்துகிறாரா, செலவு செய்வாரா, எந்தத் தலைவரின் ஆள், கூட்டணியில் அந்த வார்டு யாருக்குப் போகிறது என்று பல கணக்குகள் உண்டு. மும்பையில் கட்சிகள் கடைசி நாள் வரை பெயரை அறிவிக்காமல் இழுப்பது வழக்கம்; முன்கூட்டி அறிவித்தால் சீட் கிடைக்காதவர் எதிர்க்கட்சிக்குப் போய்விடுவார். கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர் என்று காட்டும் பி ஃபார்ம் கைக்கு வரும்வரை எதுவும் நிச்சயமில்லை.

மனுவோடு நிறையக் காகிதமும் வேண்டும். சொத்து, கடன், குற்ற வழக்கு விவரங்கள் கொண்ட உறுதிமொழிப் பத்திரம் அடிப்படை. பல மாநகராட்சிகளில் வரி பாக்கி இல்லை என்ற சான்றும் கேட்கப்படும். மகாராஷ்டிரத்தில் ஒதுக்கீட்டு வார்டில் நிற்பவர் சாதிச் சான்றோடு, அது செல்லும் என்ற சரிபார்ப்புச் சான்றையும் குறிப்பிட்ட காலத்துக்குள் தர வேண்டும். அங்கே இரண்டு குழந்தை விதியும் உண்டு: குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு மூன்றாவது குழந்தை பிறந்திருந்தால் போட்டியிட முடியாது. இதே மாதிரியான ஹரியானா பஞ்சாயத்துச் சட்டத்தை 2003-ல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

செலவு வரம்பு ஊருக்கு ஊர் ஆச்சரியமாக மாறுபடும். 2022 டிசம்பரில் நடந்த டெல்லி மாநகராட்சித் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 8 லட்சம் ரூபாய். அதே ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் 90,000 ரூபாய். நோட்டீஸ், ஆட்டோ, ஷாமியானா, டீ, பூத் ஏஜென்ட்களுக்குச் சாப்பாடு என்று கணக்குப் போட்டால் சென்னையின் வரம்பு எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

நான்கு: நடத்தை விதி வந்தால் எது நிற்கும், எது நிற்காது?

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களை நடத்தும் இந்தியத் தேர்தல் ஆணையம் வேறு. தேர்தல் அறிவித்த நாளிலிருந்து முடிவு வரும்வரை மாநில ஆணையத்தின் நடத்தை விதி அமலில் இருக்கும்.

அந்தக் காலத்தில் புதிய திட்ட அறிவிப்பு, அடிக்கல், திறப்பு விழா கிடையாது. அரசு வண்டியைப் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்த முடியாது. ஏற்கெனவே தொடங்கிய பணிகள் பொதுவாகத் தொடரலாம். குப்பை அள்ளுவது, தண்ணீர் விடுவது, எரியாத தெருவிளக்கை மாற்றுவது, அடைத்த சாக்கடையைத் திறப்பது போன்ற அன்றாடச் சேவைகள் நிற்க வேண்டியதே இல்லை. "கோட் ஆஃப் காண்டக்ட் இருக்கு சார், ஒண்ணும் பண்ண முடியாது" என்று வார்டு ஆபீஸில் யாராவது சொன்னால், "இது புது வேலையா, ரெகுலர் மெயின்டனன்ஸா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பெரும்பாலான புகார்கள் இரண்டாவது வகைதான்.

இவ்வளவுக்கும் சம்பளம் எவ்வளவு?

சம்பளம் என்றே சொல்வதில்லை; மதிப்பூதியம். மும்பையில் 2017 முதல் மாதம் 25,000 ரூபாய். தமிழ்நாட்டில் மாநகராட்சிக் கவுன்சிலர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் என்று 2023-ல் அரசு அறிவித்தது. டெல்லியில் மாதச் சம்பளமே கிடையாது. கூட்டத்துக்கு வந்தால் 300 ரூபாய் படி.

இதில் அலுவலக வாடகை, உதவியாளர், பெட்ரோல், கல்யாண மொய் எல்லாம் அடங்காது. அதனால் முழுநேரக் கவுன்சிலராக இருக்க யாரால் முடிகிறது? ஏற்கெனவே சொந்தத் தொழிலோ குடும்பச் சொத்தோ உள்ளவரால். இல்லாவிட்டால், பதவியிலிருந்தே பணம் எடுக்கத் துணிந்தவரால். மூன்றாவது வகையும் உண்டு: கடன் வாங்கிக்கொண்டு நேர்மையாக இருப்பவர்கள். அவர்கள் இரண்டாவது முறை நிற்பது அபூர்வம். கட்டடம் கட்டினால் கவுன்சிலருக்கு 'கவனிக்க' வேண்டும் என்ற பேச்சு எல்லா ஊரிலும் இருக்கிறது. அதைத் திட்டும்போது இந்த 300 ரூபாயையும் சேர்த்தே பேச வேண்டும். ஊழலுக்கு அது நியாயம் ஆகாது. ஆனால் நேர்மையான ஆள் இந்தப் பதவிக்கு வரத் தயங்க அது ஒரு காரணம்.

தேர்தலே வராவிட்டால்?

இதுவரை சொன்னதெல்லாம் தேர்தல் நேரத்துக்கு நடக்கும் என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கை பல நகரங்களில் பொய்த்திருக்கிறது.

அரசியலமைப்பின் 243யு பிரிவு தெளிவாகச் சொல்கிறது: மன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டுகள், அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும். மாநில ஆணையம் காலத்தில் தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்று 2006-ல் அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லை மறுவரையறை முடியவில்லை, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கான ஆய்வு முடியவில்லை என்பதற்காகத் தேர்தலைத் தள்ளக் கூடாது என்று 2022 மே மாதம் மத்தியப் பிரதேச வழக்கிலும் சொன்னது.

நடந்தது வேறு. சென்னையில் 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த வாக்குப்பதிவு 2022 பிப்ரவரி 19-ல். பெங்களூரில் 2020 செப்டம்பர் 10-ல் முடிந்தது. 2025-ல் மாநகராட்சியையே ஐந்தாகப் பிரித்தார்கள், ஆனால் அந்த ஆண்டு முடிவுவரை தேர்தல் நடக்கவில்லை. மும்பையில் கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள். 2025-26-க்கு மும்பை மாநகராட்சி போட்ட பட்ஜெட் 74,427 கோடி ரூபாய். அதை விவாதித்து, வெட்டி, ஒட்டி நிறைவேற்ற தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர்கூட மன்றத்தில் இல்லை. கமிஷனரே நிர்வாகியாக இருந்தார்.

இந்தக் காலத்தில் 'முன்னாள்' ஆகிவிட்ட கவுன்சிலர்கள் என்ன ஆகிறார்கள்? மதிப்பூதியம் நிற்கும், நிதி நிற்கும், அதிகாரிகள் எழுந்து நிற்பதும் நிற்கும். மக்கள் வருவது மட்டும் நிற்காது. தேர்தல் எந்த மாதமும் அறிவிக்கப்படலாம் என்பதால் அலுவலகத்தையும் மூட முடியாது. வருடக்கணக்கில் கைக்காசு போட்டுக் காத்திருக்க முடிந்தவர்தான் போட்டியில் மிஞ்சுவார். தேர்தல் தள்ளிப்போவது பணமில்லாத வேட்பாளரைத்தான் முதலில் வடிகட்டுகிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில், நீங்கள் இருக்கும் ஊரில் ஓட்டு இருக்கிறதா என்று பாருங்கள். வேலைக்காக மும்பைக்கோ பெங்களூருக்கோ வந்த நம்மில் பலர் பெயரை ஊரிலேயே வைத்திருக்கிறோம். முகவரி மாற்ற படிவம் 8, புதிதாகச் சேர படிவம் 6. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. உள்ளாட்சித் தேர்தலுக்கு, ஒரு குறிப்பிட்ட தேதியிலிருந்த சட்டமன்றப் பட்டியலை வார்டு வாரியாகப் பிரித்துக்கொள்வார்கள். 2026 ஜனவரி மும்பைத் தேர்தலுக்கு அந்தத் தேதி 2025 ஜூலை 1. அதற்குப் பிறகு பெயர் சேர்த்தவர்களால் அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட முடியவில்லை. தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் பயனில்லை.

இரண்டாவது, ஓட்டு முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். மும்பையில் ஒரு வார்டுக்கு ஒரு கவுன்சிலர். புனே போன்ற மற்ற மகாராஷ்டிர மாநகராட்சிகளில் ஒரு வார்டுக்குப் பல உறுப்பினர்கள். அதனால் பெரும்பாலும் நான்கு ஓட்டு வரை போட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, ஓட்டுக் கேட்டு வருபவரிடம் "என்ன செய்வீங்க?" என்று கேட்காதீர்கள். பதவியில் இருந்தவர் என்றால், "போன வருஷம் வார்டு நிதியில எந்தெந்த வேலைக்குப் பரிந்துரை கொடுத்தீங்க? எத்தனைக்குப் பணி ஆணை வந்தது?" என்று கேளுங்கள். புதியவர் என்றால், "நம்ம தெரு வடிகால் எந்தத் துறைகிட்ட இருக்கு?" என்று கேளுங்கள். பதில் தெரிந்தவர் வேலை தெரிந்தவர்.

நான்காவது, உறுதிமொழிப் பத்திரத்தைப் படியுங்கள். மாநில ஆணையத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். வழக்கு விவரத்துக்கும் சொத்து விவரத்துக்கும் பத்து நிமிடம் போதும்.

ஐந்தாவது, கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள், தேதியோடு, ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு. அடுத்து யார் ஜெயித்தாலும் அந்தக் காகிதம் ஃபைலில் இருக்கும்.

"ஒரு ஓட்டுல என்ன ஆகிடப் போகுது?"

சட்டமன்றத் தேர்தலில் லட்சக்கணக்கான ஓட்டுகளில் உங்களுடையது ஒன்று. வார்டில் கணக்கே வேறு. 2022-ல் சென்னையில் ஓட்டுப் போட்டது சுமார் 44 சதவீதம் பேர், டெல்லியில் சுமார் 50 சதவீதம். பாதிப் பேர் வராத இடத்தில் சில நூறு ஓட்டுகள் முடிவை மாற்றும். ஓர் அபார்ட்மென்ட் வளாகமே மாற்றிவிடலாம்.

சில நேரம் ஒரே ஓட்டு. 2017 மும்பைத் தேர்தலில் 220-வது வார்டில் பாஜகவின் அதுல் ஷாவும் சிவசேனாவின் சுரேந்திர பகல்கரும் தலா 5,946 ஓட்டுகள் வாங்கினார்கள். மறுபடி எண்ணிப் பார்த்தும் சமன். கடைசியில் சீட்டு எழுதிப் போட்டுக் குலுக்கினார்கள்; அதுல் ஷா கவுன்சிலர் ஆனார். அந்த வார்டில் ஓட்டுப் போடப் போகாத யாராவது ஒருவர் போயிருந்தால், குலுக்கலுக்கு அவசியமே வந்திருக்காது.